அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பழைய வீட்டை இடித்த மனையில் மூன்று வீடுகள் எப்படி எழும்புகின்றன?

1998-ல் மாறிய ஒரு எண்தான் காரணம். அதுவரை ஒரு வீட்டுக்குக் குறைந்தது 5,000 சதுர அடி மனை வேண்டும். நகர மையத்தைச் சுற்றிவரும் 610 வளையச் சாலைக்கு உள்ளே, சில நிபந்தனைகளோடு, அதை 1,400 சதுர அடியாக இறக்கினார்கள். 2013-ல் இந்தச் சலுகை வளையத்துக்கு வெளியேயும் போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50-க்கு 100 அடி மனை 5,000 சதுர அடி. அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1,660 சொச்சம். அகலம் குறைவு என்பதால் வீடு மேல்நோக்கி வளரும்: கீழே கார் நிறுத்தம், நடுவில் கூடமும் சமையலறையும், உச்சியில் படுக்கையறைகள். முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குமுன் யோசிக்கட்டும்!

"அங்கேதான் மண்டல விதியே (எந்தப் பகுதியில் வீடு, எங்கே கடை என்று பிரிக்கும் சட்டம்) கிடையாதே, எதையும் கட்டலாமே" என்பார்கள். பாதி உண்மை. மண்டலத் திட்டத்தை மக்கள் 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்களித்துத் தள்ளினார்கள். ஆனால் பத்திரத்திலேயே "ஒரு மனைக்கு ஒரு வீடு" என்று எழுதியிருந்தால் பிரிக்க முடியாது. மீறினால் நகராட்சியே வழக்குப் போடலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பத்திரம், அந்த நிபந்தனை இன்னும் செல்லுமா என்பதையும் சேர்த்து. பத்திரத்தில் தடை இல்லாத தெருக்காரர்கள் மனு கொடுத்து, குறைந்தபட்ச மனை அளவைத் தங்கள் தெருவுக்கு மட்டும் உயர்த்திக்கொள்ளவும் வழி உண்டு.

சிக்கல் தண்ணீரில் வருகிறது. புல்தரை போய் கான்கிரீட் வந்தால் மழைநீர் இறங்க இடமில்லை. பழைய பகுதிகளில் அதை ஏற்பது சாலையோரத் திறந்த வாய்க்கால்தான். 2017 ஹார்வி புயலுக்குப் பின், வெள்ளச் சமவெளியில் புது வீட்டின் தரைமட்டம் 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு (எந்த ஆண்டிலும் 500-ல் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளம் எட்டும் உயரம்) 2 அடி மேலே இருக்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது.