புகை மூட்டமும் பழைய டிசைனும்

கேள்வி: மென்பொருள் குழு ஒன்றை நடத்துகிறேன். வெளியே காற்று மோசமாக இருக்கும் நாட்களிலும் எல்லோரும் வருகிறார்கள், கொடுத்த வேலையை முடிக்கிறார்கள். ஆனால் உருப்படியாக ஒரு புது யோசனை வருவதில்லை. இது என் பிரமையா?

பதில்: பிரமை என்று தள்ள மாட்டேன். ஜெர்மனியில் செஸ் போட்டி நடந்த அரங்குக்குள்ளேயே கருவி வைத்துக் காற்றை அளந்தார்கள். ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு நகர்த்தலையும் கணினி எடைபோட்டது. நுண்துகள் கூடிய நாட்களில் தப்பான நகர்த்தல்களும் கூடின. நேரக் கெடு நெருங்க நெருங்க இன்னும் மோசம். நாலு அடி முன்னால் யோசிக்கிற வேலைதான் முதலில் அடி வாங்குகிறது என்பது என் கணிப்பு. புது மென்பொருளோ புது இயந்திரமோ, அதற்கும் அதே யோசனைதானே வேண்டும்?

பி.எம். 2.5 என்கிற அந்த நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். நுரையீரலின் ஆழம் வரை போகும். அதிலும் மிகச் சிறியவை ரத்தத்தில் கலந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதன் ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

கருவி வடிவமைப்பில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒருநாள் வெளியே ஒரே புகை மூட்டம். சன்னலை எல்லாம் சாத்திவிட்டு எட்டுப் பேர் ஒரு வால்வைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். பலகையில் ஒரே படத்தை மூன்றாவது தடவை வரைந்தபோதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் ஒருவர், "போன மாடலையே போட்டுடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அப்புறம்தான் அலமாரியில் கிடந்த மீட்டரைப் பார்த்தேன். கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 1,900 பங்கு. திறந்த வெளியில் 420-ஐ ஒட்டித்தான் இருக்கும். புகைக்குப் பயந்து கதவை அடைத்து, நாங்கள் விட்ட மூச்சிலேயே உட்கார்ந்திருக்கிறோம்! அறையில் வைக்கிற காற்று வடிகட்டி துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. இரண்டையும் அளக்கிற மீட்டர் ஒன்றை மேசையில் வையுங்கள். அவசரமில்லாத பெரிய முடிவு என்றால், காற்று தெளியும் வரை தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: நெருக்கடி வந்தால்தானே கண்டுபிடிப்பு வரும்? அப்படிப் பார்த்தால் புகையாலும் நன்மை உண்டுதானே?

பதில்: பாதி சரி. ஆலைப் புகையிலிருந்து துகளை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் முறைக்கு ஃபிரெடரிக் காட்ரெல் 1908-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் யூஜின் ஹூட்ரியின் கதையைக் கேளுங்கள். கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியை அவர் 1950-களிலேயே உருவாக்கிவிட்டார். அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வினையூக்கியின் மேல் ஈயம் படிந்தால் அது செத்துப்போகும். ஈயத்தை எடுக்க யாரும் அவசரப்படவில்லை. பொருள் கையில் இருந்தது, புகைக்கும் பஞ்சமில்லை; ஆனாலும் அது கார்களில் ஏறவில்லை. 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகுதான், 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் அது பரவலாக வந்தது.

ஹூட்ரி 1962-லேயே இறந்துவிட்டார்.