கனவுச் சாயல் போர்ட்ரெயிட்: நெல்லை ஸ்டுடியோக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சர்ரியலிசப் பாணியில், அதாவது கனவில் வருவது போன்ற காட்சி அமைத்து, பிரபலங்களை எடுத்த போட்டோகிராபர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. கல்யாண ஆல்பம் ரேட் கேட்டவர்கள் சங்கத்தில் கேளுங்கள்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, டேவிட் லாஷப்பெல், டிம் வாக்கர் ரெண்டு பேரும் பெரிய செட் போட்டுத்தான் எடுக்காவ. பார்த்ததும் எப்படிப் பிரிச்சுச் சொல்லுதது?

நிறத்தையும் அளவையும் பாருங்க தம்பி. லாஷப்பெல் படத்தில் எல்லா நிறமும் உச்சத்தில் நிற்கும், தோல் விளம்பரப் பலகை மாதிரி பளபளக்கும், மூலை முடுக்கெல்லாம் கூர்மையாக இருக்கும். வாக்கர் அளவை மாற்றுவார். அவருடைய செட் வடிவமைப்பாளர் ஷோனா ஹீத் செய்யும் பொருள் மனிதரைவிடப் பெரிதாக நிற்கும். நிறம் பெரும்பாலும் வெளுத்திருக்கும், வெளிச்சம் மென்மையாக விழும்.

லாஷப்பெல் நிறம் வேண்டுமென்றால் ஆளைப் பின்திரையிலிருந்து எட்டு அடி தள்ளி நிறுத்துங்கள். திரைக்குத் தனி விளக்கு, அதில் ஜெல் (விளக்கின்மேல் மாட்டும் நிறத்தாள்). திரை வெளிச்சம் முகத்தைவிட ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் ஜெல் நிறம் ஆழமாக விழும். முகத்துக்கு அடிக்கிற வெள்ளை வெளிச்சம் திரையில் சிந்தினால் சிவப்பு ரோஸாகிவிடும். நம்ம ஊர் ஸ்டுடியோக்கள் நீளம் குறைவு என்பதால் பாதிப் பேருக்கு இங்கேதான் கெடுகிறது. சாஃப்ட்பாக்ஸுக்கு (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கிரிட், அதாவது வெளிச்சம் பக்கத்தில் சிந்தாமல் தடுக்கும் கட்டவலை, போடுங்கள்.

தென்காசி: இந்த மாதிரி படத்துக்கு எந்த ஆப் நல்லது?

ஆப் வேண்டாம். முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

வள்ளியூர்: அமெரிக்க நடிகை ஊப்பி கோல்ட்பர்க்கைப் பால் தொட்டியில் எடுத்த படம் மாதிரி செய்யணும். எவ்வளவு பால் ஆகும்?

ஆனி லீபோவிட்ஸ் 1984-இல் எடுத்தது. தொட்டி நிறையப் பால் வாங்க வேண்டாம். 150 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு கிலோ பால்பவுடர் போதும். பவுடரை முதலில் ஒரு வாளியில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். கட்டி மிதந்தால் படத்தில் அழுக்காகத் தெரியும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், நாலு விரல் ஆழத்தில் மறையவில்லை என்றால் இன்னும் அரைக் கிலோ. கேமரா மேலிருந்து. வெள்ளைப் பரப்பு கேமராவின் வெளிச்ச மீட்டரை ஏமாற்றும், எக்ஸ்போஷரை முகத்துக்கு வையுங்கள். நம்ம வெயிலில் பால் சீக்கிரம் புளித்து நாறும், கரைத்த கையோடு எடுத்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரம்: ஓவியர் சால்வடார் டாலி, பூனை, தண்ணீர் எல்லாம் பறக்கிற படத்தை எப்படி எடுத்தாவ?

'டாலி அட்டாமிக்கஸ்', 1948, பிலிப் ஹால்ஸ்மன். முதலில் தண்ணீருக்குப் பதில் பால் வீசத்தான் நினைத்தார்கள். போருக்குப் பிந்தைய பஞ்சகாலத்தில் பாலை வீணடிப்பதா என்று விட்டுவிட்டார்கள். ஹால்ஸ்மன் எண்ணுவார். மூன்று என்றதும் உதவியாளர்கள் பூனைகளையும் வாளித் தண்ணீரையும் வீசுவார்கள், நான்கு என்றதும் டாலி குதிப்பார். படத்தில் மிதக்கிற நாற்காலியைப் பிடித்திருந்தது ஹால்ஸ்மனின் மனைவி. இருபத்தைந்து தடவைக்கு மேல் எடுத்துத்தான் ஒன்று அமைந்தது.

ஒன்றரை அடி குதிப்பவர் உச்சிக்குப் போக ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். உச்சியில்தான் உடம்பு ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும், அங்கே அழுத்துங்கள். தண்ணீரை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ் எரியும் நேரம். ஸ்பீட்லைட்டை (கேமராமேல் மாட்டும் சின்ன ஃப்ளாஷ்) முழுப் பவரில் வைத்தால் துளிகள் இழுபடும். பவரை 1/16-க்கு இறக்கி, மூன்று ஸ்பீட்லைட்டைச் சேர்த்துக் கட்டுங்கள். அறை இருட்டு, ஷட்டர் 1/160, f/8, ஐஎஸ்ஓ 400. பூனையை எறியாதீங்க. அது பாவம், இன்றைக்குச் சட்டமும் விடாது.

தூத்துக்குடி: அந்தப் படத்திலயே கம்பியை அழிச்சிருக்காவ. ஆப் வேண்டாம்னு போட்டோஷாப்பை மட்டும் குறை சொல்லுதது என்ன நியாயம் அண்ணாச்சி?

அழித்தது உண்மை. திருத்தாத பிரிண்டில் ஓவியத்தைத் தாங்கும் கம்பியும் நாற்காலியைப் பிடித்த கையும் தெரியும். போனது தாங்கல்கள் மட்டும். தண்ணீர், பூனை, டாலி மூன்றும் ஒரே கணத்தில், ஒரே வெளிச்சத்தில் பறந்தவை. அதனால்தான் கண் நம்புகிறது.

தூத்துக்குடி: அதே படத்துல ஓவியம் வைக்கிற ஈசல் (easel) தாங்கியில சட்டம் காலியா இருந்துச்சு, உள்ளே டாலி பிறகுதான் வரைஞ்சார். போட்டோகிராபர் மேன் ரே 1924-இல் மாடல் கீகியின் முதுகில் போட்ட வயலின் துளைகளும் பிரிண்டில் வரைஞ்சதுதானே?

வரைந்து, திரும்பப் படமெடுத்தது. நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அந்தத் துளைகள் தட்டையானவை, தோலில் நிழல் போட வேண்டியதில்லை. ஓவியமும் அப்படித்தான். பிறகு சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நிழல் போடாத பொருளை எப்போது வேண்டுமானாலும் சேருங்கள். நாற்காலி, பறவை, மனிதர் என்றால் அதே உயரத்தில், அதே பக்கம் விளக்கை வைத்து எடுத்துச் சேருங்கள். இடப்பக்கம் நிழல் விழும் முகத்துக்குப் பக்கத்தில் வலப்பக்கம் நிழல் விழும் யானையை ஒட்டினால் அது கனவில்லை, கவனக்குறைவு.

ஆலங்குளம்: 1951-இல் ஏழு பெண்கள் மண்டையோடு மாதிரி நிற்கிற படமும் ஒட்டு வேலைதானா?

இல்லை. டாலியின் கோட்டோவியத்தைப் பார்த்து ஹால்ஸ்மன் உடல்களை நிஜமாகவே அடுக்கியது.

திருச்செந்தூர்: ஆங்கஸ் மெக்பீன் 1950-இல் ஆட்ரி ஹெப்பர்னை மணலில் தோள்வரை புதைத்த மாதிரி எடுத்தாரே. தேரிக்காட்டில் முயலலாமா?

முயலலாம், வனப்பகுதிக்குள் போகிறீர்கள் என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு. ஆளைப் புதைக்க வேண்டாம். நடுவில் ஓட்டை போட்ட ப்ளைவுட்டை மேஜை உயரத்தில் நிறுத்தி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, ஆளைக் கீழே உட்கார வையுங்கள். அந்தப் படத்தில் போலச் சுற்றிச் சின்னத் தூண் வைத்தால் லென்ஸ் துளையை f/16 வரை மூடுங்கள். தூண் மங்கினால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். தேரியின் செம்மண் தாடைக்குக் கீழே சிவப்பு அடிக்கும். ஒயிட் பேலன்ஸ் மாற்றினால் நெற்றி நீலமாகிவிடும், தாடை சரியாகாது. ஃப்ரேமுக்கு வெளியே மணல்மேல் கறுப்புத் துணி விரியுங்கள். ஆடிக் காற்றில் போகாதீங்க, லென்ஸ் போய்விடும்.

சங்கரன்கோவில்: சர்ரியல் ப்ரீசெட் (ஒரே தட்டில் படத்தின் நிறத்தை மாற்றும் ரெடிமேட் செட்டிங்) இருந்தால் அனுப்புங்க.

தென்காசிக்காரருக்குச் சொன்னதுதான்.

நாங்குநேரி: எங்க ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞரை இந்தப் பாணியில் எடுக்கணும். யாரைப் பின்பற்றலாம்?

மேன் ரே வழிதான் பொருந்தும். ஒரே பொருள், அதுவும் அந்த ஆளுடைய பொருள். யானை, கடிகாரம் எல்லாம் வேண்டாம். அவரைச் சுவரோரமாக உட்கார வைத்து, வில்லை ஃப்ரேமுக்கு வெளியே ஒருவர் பிடிக்கட்டும். அதன் நிழல் மட்டும் அவர் தலைக்கு மேல் வளையட்டும். சாஃப்ட்பாக்ஸைக் கழற்றுங்கள். மூடாத ஒரு விளக்கு, பத்து அடி தள்ளி. வில் சுவருக்கு ஓர் அடிக்குள். விளக்கு கிட்டே வந்தாலோ வில் சுவரை விட்டு விலகினாலோ நிழல் கரைந்துவிடும். வில்லை அடிக்கும் வீசுகோல் அவர் கையிலேயே இருக்கட்டும்.