எந்தக் கட்சியும் என் கட்சியாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் யாருக்கு வாக்களிப்பது?

பரம்பரையாக வீட்டுச் சின்னத்துக்கு (தமிழரசுக் கட்சி) புள்ளடி (X) போட்ட குடும்பம். இப்போது வீடும் பிடிக்கவில்லை, சைக்கிளும் (தமிழ்க் காங்கிரஸ்) பிடிக்கவில்லை, திசைகாட்டியை (தேசிய மக்கள் சக்தி) நம்பவும் மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பலருடைய நிலை அதுதான். கட்சியை நேசித்துத்தான் வாக்களிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணக்கைப் பாருங்கள்.

2024 பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அது பெற்றதோ செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 25 சதவீதம்தான். மிச்சம் ஏகப்பட்ட கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறியது. மாவட்டத்தில் 5 சதவீதத்தைத் தொடாதவர்களின் வாக்குகள் ஆசனக் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம் வேறு. ஆகவே கோபத்தில் உதிரிக் குழு ஒன்றுக்குப் போடும் வாக்கு, பெரும்பாலும் நீங்கள் விரும்பாதவருக்கே கைகொடுக்கும். (ஒரு சுயேச்சைக் குழு வென்றதும் உண்மைதான், அது விதிவிலக்கு.) வாக்குச் சீட்டில் திட்டி எழுதினால் வாக்கு எண்ணுபவர் மட்டுமே வாசிப்பார்.

கட்சி பிடிக்காவிட்டாலும் அதன் பட்டியலில் உருப்படியான ஆள் இருக்கலாம். கட்சிக்குப் புள்ளடி இட்டபின், அந்தப் பட்டியலில் பிடித்த வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு மூன்று வரை இடலாம். ஆனால் கட்சிக்குப் புள்ளடி இடாமல் வேட்பாளர் இலக்கத்தை மட்டும் அடையாளமிட்டால் சீட்டு நிராகரிக்கப்படும்.

உள்ளூராட்சித் தேர்தல் வேறு கதை. வட்டாரத்தில் நிற்பவர் பெரும்பாலும் தெரிந்த முகம். மாரியில் ஒழுங்கை வெள்ளம் வடிய வாய்க்காலைத் துப்புரவாக்குவிப்பாரா என்பதுதான் என் கேள்வி. சின்னத்தை நான் பார்ப்பதில்லை.