விரிப்பு அலமாரிக்கு நீங்களே தட்டு அமைக்கலாம்

கேள்வி: எங்கள் படுக்கையறையில் மூன்றடி அகலம், ஏழடி உயரம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு சுவர் அலமாரி இருக்கிறது. உள்ளே இரண்டே கடப்பாக் கல் தட்டுகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கம்பளி எல்லாம் அதில்தான். ஒன்றை உருவினால் அடுக்கே சரிகிறது. மழைக்காலத்தில் ஈர வாடை வேறு. பின்சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. ஆசாரியைக் கூப்பிடாமல் நானே தட்டு அமைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றே ப்ளைவுட் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அலமாரியைக் காலி செய்து, பின்சுவரில் ஓரடிச் சதுர பாலிதீன் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து முத்தாகத் துளிர்த்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறையின் டைல்ஸ் இடுக்கையும் குழாயையும் சரிசெய்யாமல் இங்கே செலவழிப்பது வீண். இந்தப் பக்கம் பூசும் எந்தப் பெயின்ட்டும் உப்புப் பூத்து உரிந்துவிடும். துளி எதுவும் இல்லையென்றால், காற்றோட்டம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடப்பாக் கல்லைப் பெயர்க்க வேண்டாம். அது சுவருக்குள் புதைந்திருக்கும். இழுத்தால் பூச்சும் சேர்ந்து வரும். கற்களுக்கு இடையே பலகை சேர்ப்பதே சுலபம். கற்கள் பிரிக்கும் மூன்று அறைகளில் நடு அறைக்கு இரண்டு பலகை, மேலறைக்கும் கீழறைக்கும் ஒவ்வொன்று. 18 மி.மீ. மரைன் ப்ளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். ‘கமர்ஷியல்’ ரகம் இந்தச் சுவருக்குத் தாங்காது. 8க்கு 4 அடிப் பலகை ஒன்றிலேயே நான்கு தட்டும் வந்துவிடும். கடையிலேயே அறுத்துக் கொடுப்பார்கள்.

அளவில்தான் பலரும் சறுக்குகிறோம். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது. முன்பக்கம் 36 அங்குலம் காட்டும் அலமாரி உள்ளே 35½ காட்டும். முன்பக்கத்தை மட்டும் அளந்து அறுத்துவிட்டு, ஒரு மதியம் முழுக்க இழைப்புளியோடு மல்லுக்கட்டியவன் நான். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக அட்டையை வெட்டி உள்ளே பொருத்திப் பார்த்து, அதைவிட 3 மி.மீ. குறைவாக அறுக்கச் சொல்லுங்கள். ஆழம் 16 அங்குலம் போதும். பின்னால் ஓரங்குலம் காற்றுக்கு விடுங்கள்.

பலகையைத் தாங்க, இரு பக்கச் சுவர்களிலும் ரீப்பர் கட்டை, அதாவது ஒடுக்கமான மரச்சட்டம். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, ப்ளக் அடித்து, இரண்டரை அங்குல ஸ்க்ரூ முடுக்குங்கள். அது பூச்சைத் தாண்டிச் செங்கலைப் பிடிக்க வேண்டும். பின்சுவரில் ட்ரில் வைக்கவே வேண்டாம், உள்ளே குளியலறைக் குழாய் ஓடலாம். பலகையின் முன்விளிம்புக்கு அடியிலும் ஒரு ரீப்பர் அடித்தால் நடுவில் தொய்யாது. அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ். கதவின் மேலும் கீழும் சில துளைகள் போட்டு உட்புறம் கொசுவலை ஒட்டுங்கள்.

நடு அறையின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பது அங்குலம் போல இடம் கிடைக்கும். ஆறு விரிப்புக்கு மேல் அடுக்க மனம் வராது. ஒரு ஜோடி விரிப்பையும் உறையையும் மடித்து, இன்னொரு தலையணை உறைக்குள் போட்டு வைத்தால் ஒன்றாகவே கைக்கு வரும். தட்டில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கஞ்சி போட்ட துணியும் அப்படித்தான். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை கூடவே கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள்.