பாட்டுக் கம்பெனிகள் திருட்டு டவுன்லோடைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளால் ஏதாவது பலன் இருந்ததா?

கேள்விக்குக் கீழே "நானும் டெலிகிராமில்தான் பாட்டு இறக்குகிறேன், என்னைப் பிடிப்பார்களா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். காலேஜ் படிக்கிற தம்பி என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டு இறக்கியவரைத் தேடி நம் ஊரில் யாரும் கதவைத் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் தட்டியது எங்களைப் போன்ற கடைகளின் ஷட்டரை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் இருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு செல்போன் கடை. அதற்கு முன்னால் அதே இடத்தில் கேசட் ரெக்கார்டிங். வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிட கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். அப்புறம் எம்பி3 சிடி வந்தது, அதற்கு அப்புறம் மெமரி கார்டு. "கார்டு ஃபுல்லா பாட்டு ஏத்த 50 ரூபாய்" என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தேன். கமெண்டில் "நீ திருடன்தானே" என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவு எனக்கும் தெரியும். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அதை எனக்கு மனப்பாடம் செய்ய வைத்ததே பாட்டுக் கம்பெனிக்காரர்கள்தான்.

ஒரு நாள் மத்தியானம், சட்டையை இன் பண்ணிய ஒருவர் வந்து புதுப் பாட்டாக ஏற்றச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். நூறு ரூபாய் நோட்டை நீட்டி, மீதி வாங்கி, எண்ணிப் பார்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் அடையாள அட்டையை எடுத்தார். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் சார்பாக வந்திருக்கிறாராம். பின்னாலேயே இரண்டு காவலர்கள். சிபியுவைக் கழற்றிச் சாக்கில் போட்டார்கள். அதில் ரீசார்ஜ் கணக்கும் இருந்தது, என் பெண்ணின் காதுகுத்துப் போட்டோக்களும் இருந்தன. போட்டோவை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "எல்லாம் கேஸ் ப்ராப்பர்ட்டி" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காவலர் குண்டர் சட்டம் பாயும் என்று வேறு மிரட்டினார். 2004-இல் அந்தச் சட்டத்தில் வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். பாட்டு ஏற்றுகிற கடைக்கு அது பொருந்துமா என்றெல்லாம் அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது?

கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வந்தார். இவர் ரொம்ப மரியாதை. "லைசென்ஸ் எடுத்துக்கங்க சார், வருஷா வருஷம் கட்டுங்க, ஒரு தொந்தரவும் வராது." நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பணம் கட்டத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. எந்தெந்தப் பாட்டு என்று கேட்டதும் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். முக்கால்வாசி இந்திப் பாட்டு. "இளையராஜா?" என்றேன். "அது வேற கம்பெனி சார்." "தேவா?" "அதுல கொஞ்சம் இருக்கு, மத்தது வேற வேற ஆள்கிட்ட."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு படத்தின் பாட்டு உரிமையை அந்தப் படத் தயாரிப்பாளர் ஏதோ ஒரு ஆடியோ கம்பெனிக்கு விற்றிருப்பார். அடுத்த படம் இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கும். அதில் சில கம்பெனிகள் இன்றைக்கு இல்லவே இல்லை. என் கடைக்கு வருகிறவர் "ராஜா சோகப் பாட்டா போட்டுக் குடுண்ணா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை கம்பெனி இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை பேரிடமும் போய்க் காகிதம் வாங்கி 50 ரூபாய்க்கு எவன் பாட்டு ஏற்றுவான்? நான் எடுக்கவில்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1999-இல் நாப்ஸ்டர் வந்தது, ஆளுக்கு ஆள் இணையத்தில் ஓசியில் பாட்டு மாற்றிக்கொள்கிற இடம். கோர்ட்டுக்குப் போய் 2001-இல் இழுத்து மூடினார்கள். மூடினால் தீர்ந்ததா? கூட்டம் கசா, லைம்வயர் என்று அதே மாதிரி வேறு இடங்களுக்குப் போனது. 2003-இல் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் இறக்கியவர்கள் மேலேயே வழக்குப் போட ஆரம்பித்தது. முதல் தவணையில் 261 பேர். அதில் நியூயார்க்கில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையும் மாட்டிக்கொண்டு 2,000 டாலர் கொடுத்து முடித்தார்கள். ஊரே காறித் துப்பியது. ஐந்து வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டுவிட்டு 2008 கடைசியில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். 2005-இல் சோனி பிஎம்ஜி என்கிற பாட்டுக் கம்பெனி, பிரதி எடுப்பதைத் தடுக்கத் தன் சிடிகளுக்குள் ரகசியமாக ஒரு பூட்டை வைத்தது. அது காசு கொடுத்து வாங்கியவரின் கம்ப்யூட்டருக்குள் போய் ஒளிந்துகொண்டு வைரஸுக்கு வழி திறந்துவிட்டது. திருட்டுப் பிரதி வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கே 2012-இல் கல்கத்தா உயர்நீதிமன்ற உத்தரவில் 104 பாட்டுத் தளங்களை முடக்கினார்கள். அதே வருடம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு படத்துக்காக 'அசோக் குமார்' உத்தரவு வாங்கினார்கள். யார் என்றே தெரியாத திருடனுக்கு நம் ஊர் வழக்குகளில் அசோக் குமார் என்று பெயர். (எங்கள் தெருவில் நிஜ அசோக் குமார் ஒருவர் இருக்கிறார், பாவம், கடையில் வைத்து அவரை ஓட்டாத நாள் கிடையாது.) அந்த உத்தரவைக் காட்டி, சம்பந்தமே இல்லாத விமியோ என்கிற வீடியோ தளத்தைக்கூட இணைய நிறுவனங்கள் மூடி வைத்தன. எங்கே கை எட்டுகிறதோ அங்கே அடிப்பது.

கை எட்டுகிற இடத்தில்தான் எங்கள் ஏரியா கானாக்காரர்களும் இருக்கிறார்கள். வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. சாவுக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி இதுதான் அவருக்கு வருமானம். புதுப் பாட்டு பதிவு பண்ணினால் நேராக என் கடைக்கு வந்து, "எல்லா கார்டுலயும் என் பாட்டு ஒண்ணு போட்டு உடுண்ணா, காசு வேணாம்" என்பார். பாட்டு நாலு பேர் போனில் ஓடினால்தான் நாலு கச்சேரிக்கு ஆள் வரும். பிற்பாடு அதே பாட்டை அவரே யூட்யூபில் ஏற்றினார். வருமானம் முழுக்க எங்களுக்கு என்று ஒரு கம்பெனியின் பெயரில் நோட்டீஸ் வந்தது. யாரோ அந்த மெட்டை ஆல்பத்தில் போட்டு அந்தக் கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்து வைத்த ஆடியோவோடு ஒத்துப்போனால் யூட்யூபில் மெஷினே பிடித்துவிடும், எது முதலில் வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆட்சேபம் போடலாம், ஆனால் இங்கிலீஷில் எழுத வேண்டியிருக்குமோ என்று பயந்தே தம்பி விட்டுவிட்டார். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு என்று 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான். கடற்கரையோரம் பாட்டுக் கட்டுகிறவன் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

பாட்டு ஏற்றுகிற தொழில் செத்ததற்கு ரெய்டு காரணம் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைச் சும்மா கொடுத்தது. ஓசியிலேயே பாட்டு ஓடும்போது 50 ரூபாய் எதற்கு? உலகம் முழுக்க இதே கதைதான். 2014 வரை விழுந்துகொண்டே இருந்த இசை வருமானத்தைத் தூக்கி நிறுத்தியது ஸ்ட்ரீமிங், கோர்ட் இல்லை. ஆனால் என் கடை படுத்ததற்கு ஜியோவை மட்டும் சொன்னால் பாவம். அதற்கு முன்பிருந்தே எங்கள் பக்கம் ரோட்டை வெட்டி, தகரம் அடித்து, வருடக்கணக்கில் அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். தகரத்துக்குப் பின்னால் கடை இருப்பதே யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் பள்ளத்துத் தண்ணீர் கல்லாப்பெட்டி வரைக்கும் வரும். நஷ்ட ஈடு கேட்டுப் போனால் "நீங்க வாடகைதாரர்தானே" என்றார்கள். இதுவே அடையாறு பக்கமாக இருந்தால் மூன்றாம் நாளே டிவியில் வந்திருக்கும். சரி, அதை விடுங்கள்.

இன்றைக்கும் பாட்டு ஏற்றச் சொல்லி வருகிற இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும், நாள் கணக்கில் கடலில் இருப்பார்கள். இன்னொன்று, எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்கள். வண்டி செட்டில் பென் டிரைவ் சொருகத்தான் ஓட்டை இருக்கிறது. ஆப்பில் காசு கட்டி இறக்கி வைத்தாலும் அது அந்தப் போனைத் தாண்டி ஸ்பீக்கரில் சொருகுகிற பென் டிரைவுக்கு வராது.

அதனால் தம்பி, உங்கள் டெலிகிராம் குழுவை மூடுவார்கள், அடுத்த நாள் வேறு பெயரில் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பழைய பாட்டு, புதுப் பாட்டு, கானா எல்லாம் சேர்த்து ஒரே ரசீதில் பென் டிரைவில் ஏற்றி விற்க உரிமம் தருகிற இடம் எங்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். நக்கலுக்குக் கேட்கவில்லை, காசு கட்டுகிறேன்.