மைட்டோகாண்ட்ரியா பழுதுக்கு மாத்திரை போட்டால் முதுமை தள்ளிப்போகுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பழுதாவதால்தான் முதுமை வருகிறது, அந்த டிஎன்ஏ அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்று படித்தேன். என் அம்மா 60 வயதிலேயே தளர்ந்துவிட்டார். எனக்கும் அப்படித்தானா? ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சின்ன உறுப்பு. அதன் டிஎன்ஏ அம்மா வழியாக வருவது உண்மைதான். ஆனால் வயதாக ஆக அதில் சேரும் பழுதுகளில் பெரும்பாலானவை நம் உடம்புக்குள்ளேயே உண்டாகிறவை. அம்மாவின் தளர்ச்சியை உங்கள் தலையெழுத்தாக நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

16,569 எழுத்துகள் கொண்ட சின்ன டிஎன்ஏ இது. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். செல் பிரியாவிட்டாலும் இது ஓயாமல் நகலெடுக்கப்படுகிறது. பிழைகள் அங்கேதான் அதிகம் நுழைகின்றன. கொஞ்சம் பிரதிகள் கெட்டால் செல் சமாளித்துக்கொள்ளும். பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் கெட்ட பிறகுதான் ஆற்றல் உற்பத்தி தடுமாறும். முதியவர்களின் தசையில் நல்ல இழைகளுக்கு நடுவே அப்படிச் செயலிழந்த இழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும்.

இது ஒன்றே முதுமைக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள், இந்த டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியால் பிழைதிருத்த முடியாதபடி மாற்றிய சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். முடி கொட்டியது, முதுகு வளைந்தது, பெரும்பாலானவை ஒரு வயதைச் சுற்றியே இறந்துவிட்டன. ஆனால் அவற்றில் இருந்த பிழைகள், வயதான மனிதர்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொன்று: ஆக்சிஜன் சார்ந்த மூலக்கூறுகளால் செல்லுக்கு வரும் ஆக்சிஜனேற்றச் சேதம் அவற்றில் பெரிதாகக் கூடவில்லை. அந்தச் சேதத்தைத் தடுப்பதாகச் சொல்லித்தான் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை விற்கிறார்கள். அந்தக் காரணமே இங்கே ஆட்டம் காண்கிறது.

மாத்திரை வேண்டாம் என்றே சொல்வேன். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994இல் வெளிவந்த முடிவு இது. 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், ஆன்டிஆக்சிடன்டுகளான வைட்டமின் சி, ஈ மாத்திரைகள், உடற்பயிற்சியால் உடம்பில் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்யும் நன்மையைத் தடுத்தன. சரி, வேறு என்ன செய்யலாம்? நடங்கள். வாரத்தில் 5 நாள், 30 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். அப்புறம், வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுகூடப் போதும். உழைக்கும் தசை புது மைட்டோகாண்ட்ரியாவை உண்டாக்கிக்கொள்கிறது. இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அம்மா எப்படித் தளர்ந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா, பெரியம்மா, தாய்மாமா என்று அந்த வழியில் பலருக்குச் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்தே இருந்தால் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறக்கும்போதே வரும் மைட்டோகாண்ட்ரியா கோளாறாக இருக்கலாம். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால், சர்க்கரைக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதே மாறக்கூடும்.