மடக்குக் கத்திக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: என் மாமா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது கரையோடு நின்றுவிட்டார், ஆனாலும் இடுப்பில் ஒரு கத்தி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அவருக்கு டமாஸ்கஸ் எஃகில் கையால் செய்த மடக்குக் கத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுக்க ஆசை. வெளிமாநிலத்தில் ஒரு பட்டறைக்காரர் படம் அனுப்பினார். பார்க்க அவ்வளவு அழகு. 28,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
- மண்டபம் வாசகர்

பதில்: முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் அப்படிக் கொடுத்தவன். சில வருஷங்களுக்கு முன் ஒருவரிடம் இதே மாதிரி கத்தி சொல்லி, மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். நாலு மாதம் என்றார், பதினாலு மாதம் ஆனது. வந்த கத்தியின் அலகு அருமையான அலகு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விரித்துப் பிடித்து அலகின் முதுகை லேசாக அழுத்தினால் மேலும் கீழும் 'டக் டக்' என்று ஆடியது. விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு சரியாக உட்காரவில்லை. சரிசெய்து தரக் கேட்டபோது, "பூட்டு வைத்த கத்தி என்று நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார். எல்லாம் போனில் பேசியது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரி எழுத்து கிடையாது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது. இன்று டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் காய்ச்சி, வெண்காரம் தூவி, அடித்து ஒட்டியது. வழக்கமான ஜோடி 1095, 15என்20 என்ற எஃகு வகைகள். முதலாவதில் கரி அதிகம், இரண்டாவதில் சுமார் 2 சதவீதம் நிக்கல். ஏழு பட்டையை அடுக்கி ஒட்டி நீட்டி, நாலாக வெட்டி மறுபடி அடுக்கினால் 28 அடுக்கு. இன்னொரு தடவை செய்தால் 112. நடுவில் முறுக்கினால் ஒரு கோலம், குறுக்கே பள்ளம் வெட்டி அடித்துச் சமன் செய்தால் ஏணி மாதிரி வேறு கோலம். கடைசியில் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்குவார்கள். கரி எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெள்ளியாக நிற்கும். அலை அலையாகத் தெரிவது அப்படித்தான் வருகிறது. அடுக்கு கூடினால் கத்தி உயர்ந்தது என்று அர்த்தமில்லை. முன்னூறு அடுக்கு, ஐந்நூறு அடுக்கு என்று சொல்லி விலை ஏற்றினால் மயங்காதீர்கள். வெட்டும் திறனைத் தீர்மானிப்பது எஃகின் வகையும், தோய்ச்சலும் (காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது), வாய் தீட்டிய விதமும்.

"பழைய டமாஸ்கஸ் ரகசியம்" என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அந்தப் பழைய எஃகு வேறு. அது மூசையில், அதாவது உலைக்குள் வைக்கும் மண் குடுவையில், உருக்கியது, அதன் கோலம் எஃகுக்குள்ளேயே விளைந்தது. அதற்குப் பேர்போனது தென்னிந்தியா. நொய்யல் கரையில் கொடுமணலில் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, 'ஊட்ஸ்' என்று அவர்கள் அழைத்த நம் எஃகை ஆராய்ந்தார். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி அடுக்கு எஃகை விற்றால் அது சரியில்லை.

இப்போது உங்கள் மாமா விஷயம். 15என்20-இல் நிக்கல் இருப்பதால் துருப்பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். தவறு. இரண்டுமே துருப்பிடிக்கும் எஃகு. மண்டபத்துக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும். 1914-இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவோடு ஓயாத போராட்டமாக இருந்தது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் தனி வண்ணப்பூச்சும் போட்டது இந்த உப்புக்குப் பயந்துதான். மாமா அந்தக் கத்தியால் மீன் அறுப்பார், நனைந்த கயிறு வெட்டுவார், துடைக்காமல் இடுப்பில் செருகுவார் என்றால், ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சுவீடனின் டமாஸ்டீல் அந்த வகை. விலை கூடும், ஆனால் நம் கரைக்கு அதுதான் தோது. பெட்டியில் வைத்து நாலு பேருக்குக் காட்டத்தான் என்றால் சாதாரண ஜோடியே போதும்.

பட்டறைக்காரரிடம் போனில் பேசுங்கள், ஆனால் முடிவானதை வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்குங்கள். என்ன எஃகுகள், யார் தோய்ச்சல் போடுவது, கடினம் எவ்வளவு (ராக்வெல் கணக்கில் 58 முதல் 60 வரை கேட்கலாம்), அலகு எத்தனை அங்குலம், பூட்டு உண்டா, எந்த வகைப் பூட்டு, பிடி எந்தப் பொருள், கூரியர் செலவு யாருடையது, எந்த மாதம் கைக்கு வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாமதமானால் என்ன, பூட்டில் ஆட்டம் இருந்தால் யார் செலவில் சரிசெய்வது என்பதையும் சேருங்கள். இதைக் கேட்டால் நல்ல கைவினைஞர் கோபப்பட மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்புதான். நாளைக்கு நீங்கள் "அலகு இன்னும் நீளமாகக் கேட்டேனே" என்று சொல்ல முடியாதல்லவா?

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். எஃகு வாங்க ஒரு பங்கு. அடுக்கு அடித்து முடித்துக் கோலம் தெரியும் படம் வந்ததும் இன்னொரு பங்கு. மீதியைக் கத்தியை விரித்து மடக்கிக் காட்டும் வீடியோ பார்த்த பிறகு கொடுங்கள். அந்த வீடியோவில் இரண்டைக் கவனியுங்கள்: மடக்கியிருக்கும்போது அலகு இரண்டு பக்கப் பிடிக்கும் நட்டநடுவே நிற்கிறதா, விரித்தபின் அசைவில்லாமல் இருக்கிறதா. பணம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போகட்டும், ரசீது வாங்குங்கள்.

இன்னொரு யோசனை. மதுரை போகும் வழியில் திருப்பாச்சேத்தியில் இறங்கிப் பாருங்கள். அரிவாளுக்குப் பேர்போன ஊர். டமாஸ்கஸ் கோலம் அங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. மாமாவின் கைக்கு அடக்கமாக, நேரில் நின்று சொல்லிச் செய்யும் ஒரு நல்ல கத்தி அவருக்கு அதைவிடப் பிடிக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: துபாயிலிருந்து வந்த தம்பி வாப்பாவுக்கு ஒரு 'டமாஸ்கஸ்' மடக்குக் கத்தி கொண்டுவந்தான். ஒரு மாதத்தில் கோலம் மங்கிவிட்டது. ஏமாந்துவிட்டோமா?
- கீழக்கரை வாசகி

பதில்: மங்கியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உண்மையான டமாஸ்கஸும் தேய்த்துத் தேய்த்து மங்கும். அலகின் முதுகைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்கு எஃகாக இருந்தால் பக்கத்தில் ஓடும் கோடுகள் முதுகின் மேலும் தொடர்ந்து, மறுபக்கம் இறங்கும். பக்கங்களில் மட்டும் கோலம் இருந்து முதுகு மொழுமொழுவென்றிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அது லேசரில் வரைந்ததாகவோ, அமிலத்தில் படம் போட்டதாகவோ இருக்கலாம். உறுதி வேண்டுமென்றால், தெரிந்த கைவினைஞரிடம் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி ஃபெரிக் குளோரைடு தடவச் சொல்லுங்கள். உண்மையானதில் அதே கோலம் திரும்பி வரும். வரைந்தது தேய்த்ததோடு போய்விடும்.

உண்மையானது என்று தெரிந்தால் பராமரிப்பு எளிது. நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மடங்கும் ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அலகுக்குச் சமையலறையில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பிசுபிசுக்கும். தோல் உறையில் போட்டு வைக்கவும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு உள்ளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும்.

கேள்வி: நான் சொல்லிச் செய்யும் கத்திக்கு மான் கொம்புப் பிடி போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். தானாக உதிர்ந்த கொம்பாம். அப்புறம், சொன்னபடி பொருள் வராவிட்டால் எங்கே போவது?
- ராமேஸ்வரம் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு மான்களின் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். உதிர்ந்தது என்பது சமாதானம் ஆகாது. யானைத் தந்தம், பவளப் பாறை, நம் பக்கம் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவின் பல், எலும்பு எதுவும் கூடாது. எருமைக் கொம்பு அழகாகவே இருக்கும். உப்புக் காற்றுக்கு, கண்ணாடி இழையையோ துணியையோ பிசினில் அழுத்திச் செய்யும் ஜி10, மைக்கார்ட்டா போன்றவை கொம்பைவிட நன்றாகத் தாங்கும், ஊறி உப்பாது, வெடிக்காது.

அளவையும் கவனியுங்கள். வீடு, விவசாயம், தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ அது ஆயுத விதிகளுக்குள் வரும். மடக்குக் கத்திக்கு மூன்று, மூன்றரை அங்குலமே தாராளம். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாயும் வகையைக் கேட்காதீர்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

சொன்னபடி வராவிட்டால், முதலில் எழுத்தில் கேளுங்கள். ஒரு தேதி கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை தெரிந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, வந்த பொருளின் படங்கள் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் "கோலம் நான் நினைத்த மாதிரி இல்லை" என்பது புகாராகாது, கையால் செய்யும் கோலம் ஒன்றுபோல் ஒன்று வராது. எழுதியதில் ஸ்டெயின்லெஸ் என்றிருந்து வந்தது துருப்பிடித்தால், பூட்டு நழுவினால், அது புகார்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றைக்கே கத்தியை விரித்துப் பூட்டைப் பாருங்கள், விரலை அலகின் பாதையில் வைக்காமல்.